சென்னைக் கடற்கரை: எந்த மாதம், எந்தக் கடல்?

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடல் இழுத்துக்கொண்டு போனவர்களில் பலர் நீந்தப் போனவர்கள் அல்லர். கால் நனைக்கப் போனவர்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவர் இன்னும் நாலு எட்டு வைக்கிறார். திரும்பிப் போகும் அலை காலடி மணலை அரித்தெடுக்கிறது. தடுமாறி விழுந்து எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. அலையின் உயரத்தை மட்டும் பார்த்து இந்த ஆபத்தைக் கணிக்க முடியாது. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், கடலுக்கடியில் மணல் எப்படிப் படிந்திருக்கிறது, உடைந்த அலையின் தண்ணீர் எந்த வழியாகத் திரும்புகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் இந்த மூன்றும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை

மார்ச் தொடங்கி அக்டோபர் வரை அலைகள் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். அப்போது கரையோர மணல் வடக்கு நோக்கி நகரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்றோடு அலை வடகிழக்கிலிருந்து வரும். மணல் தெற்கே போகும். வடக்கே போகும் காலம்தான் நீளம் என்பதால் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது.

1870-களில் கடலுக்குள் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் இந்த ஓட்டம் தடைப்பட்டது. வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. இன்று நாம் மூச்சிரைக்க நடந்து கடக்கிற மெரினாவின் அகலம் அப்படி வந்தது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது 1884-இல் உலாவும் சாலை போட்டதும் அந்தப் புது மணலை ஒட்டித்தான். சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றுபோனது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே இருப்பவை கருங்கல் சுவர்களும், கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான். மெரினாவின் வரவு வடசென்னையின் செலவில் என்று சொன்னால் மிகையில்லை.

கடற்கரைக்குப் போகிறவருக்கு இந்த வரலாறு எதற்கு என்றால், தரையின் சாய்வு இதிலிருந்துதான் புரியும். மெரினாவில் மேலே மணல் சமமாக அகன்று கிடக்கும். தண்ணீர் தொடும் விளிம்பிலோ சட்டென்று சரியும். சில இடங்களில் இடுப்பளவுக்கும் தலைக்கு மேலான ஆழத்துக்கும் நடுவே ஓரிரு எட்டுதான் தூரம். அலையும் தூரத்தில் மெதுவாக உடைந்து வராமல், விளிம்புக்கு வந்து செங்குத்தாக எழும்பி மொத்தமாக விழும். முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பவரை அது தலைகுப்புறத் தள்ளும். கழுத்தெலும்பு முறிகிற அளவுக்குக்கூடத் தள்ளும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள் என்பது அதனால்தான்.

வாடைக்கால அலைகள் கரையை வெட்டி எடுத்துப்போகும். மணலில் கத்தியால் அறுத்ததுபோல் மூன்று நான்கு அடி உயரத்துக்குச் செங்குத்தான விளிம்பு தெரிந்தால், அது அண்மையில் வெட்டப்பட்ட கரை. அதன் நுனியில் குழந்தைகளை உட்காரவிடக் கூடாது. அடியில் ஈரம் ஏறியதும் மேல்மணல் பொலபொலவென்று சரியும். கோடையில் அதே மணல் திரும்ப வந்து படியும். ஆகவே "போன தடவை இங்கதானே குளிச்சோம்" என்பது எந்தக் கணக்கிலும் சேராது. போன தடவை இருந்த தரை இப்போது அங்கே இல்லை.

இழுப்பு எப்படி உண்டாகிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அலை உடைந்து கரையேறும் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போயாக வேண்டும். கரையிலிருந்து சிறிது தூரத்தில் நீருக்கடியில் கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு இருக்கும். அந்தத் திட்டைத் தாண்டி வந்த தண்ணீர், திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சேரும். பிறகு கரையோரமாகவே ஓடி, திட்டில் எங்கே ஒரு பிளவு இருக்கிறதோ அந்த வழியாகப் பாயும். மொட்டை மாடியில் தேங்கிய மழைத் தண்ணீர் ஒரே குழாயில் இறங்கும்போது குழாய் வாயில் மட்டும் இழுவை பலமாக இருக்குமே, அப்படி. இதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள்.

அந்தப் பிளவில் தரை ஆழம்; ஆழமான இடத்தில் அலை உடையாது. அதனால் இருபுறமும் வெள்ளை நுரையோடு அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் கருத்து, வழவழவென்று அமைதியாகத் தெரியும். விஷயம் தெரியாதவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேதான் இறங்குவார். அந்த இடைவெளியில் கலங்கிய மணல், நுரை, குப்பை எல்லாம் கரையைவிட்டு வெளியே நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். மணலில் சற்று மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் பழகாத கண்ணுக்கும் பிடிபடும். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

சில இழுப்புகள் இடம் மாறும், சில நிரந்தரம். கூவம், அடையாறு முகத்துவாரங்களின் இருபுறமும், தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும், கல் கொட்டிய சுவர்களை ஒட்டியும் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் உடைந்த பாலத்துக்கும் நடுவே உள்ள அடையாறு முகத்துவாரம் படமெடுக்க அழகான இடம்தான். கோடையில் மணல்திட்டு அடைத்து நிற்கும்போது நடந்தே கடந்துவிடலாம்போலத் தோன்றும். திட்டு உடைந்தாலோ வெட்டிவிடப்பட்டாலோ ஆறு முழுதும் அந்த வாய் வழியாகத்தான் வெளியேறும்.

இழுப்பு விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேலும் ஓடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரின் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவர் நின்ற இடத்திலேயே கைகால் அடித்துக் களைத்துப் போகிறார். மூழ்கடிப்பது இந்தக் களைப்புதான். இழுப்பு யாரையும் அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும்.

சிக்கிக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கி அசைத்துக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, வடக்கோ தெற்கோ, எந்தப் பக்கம் அலை வெள்ளையாக உடைகிறதோ அந்தப் பக்கம் நீந்திப் பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். ஒரு பக்கம் நகரவே முடியவில்லை என்றால் மறுபக்கம் முயலலாம். நீந்தத் தெரியாதவர் மிதந்துகொண்டே இருந்தால் ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

கரையில் இருப்பவர்கள் செய்கிற தவறு இன்னும் மோசம். ஒருவரைக் காப்பாற்ற மூவர் குதித்து நால்வரும் போன கதைகள் இந்தக் கடற்கரை நெடுகிலும் உண்டு. பெசன்ட் நகரில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபமே, 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஒருவருக்காகக் கட்டியதுதான். குதிக்காமல் எறியுங்கள்: மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன், மீன் வண்டியின் தெர்மாகோல் பெட்டி, காற்றடித்த பந்து, இரண்டு காலி பாட்டில் என்று மிதக்கிற எதுவானாலும் சரி. குப்பத்துக்காரர்களைக் கூப்பிடுங்கள், ஃபைபர் படகையும் கயிறையும் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். ஒருவர் கண்ணை எடுக்காமல் மூழ்குகிறவரைக் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். தலை ஒருமுறை அலைக்குள் மறைந்தால் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்தமாட்டார். தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கும், கைகள் தண்ணீரைக் கீழே அழுத்தும், சத்தமே வராது. போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

வெளியே கொண்டுவந்தவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வீண். வயிற்றில் உள்ளது வாந்தியாக வந்து மூச்சுக்குழலில் இறங்கும். பொன்னான நிமிடங்களும் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

இன்னும் இரண்டு. சேலை, வேட்டி, ஜீன்ஸ் நனைந்தால் காலைப் பின்னும். இதோடு முட்டிக்கு மேல் இறங்கக் கூடாது. வரிசையாகக் கைகோத்து நிற்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம், ஆனால் ஒருவர் சரிந்தால் சங்கிலியே சரியும்.

மாதங்கள்

ஜனவரியில் வாடை தணியத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. காலாற நடக்க ஆண்டிலேயே நல்ல காலம் இது. காணும் பொங்கலன்று மட்டும் கடல் எப்படியிருந்தாலும் நிலைமை வேறு. தண்ணீரில் இறங்கத் தடை, தடுப்புக் கட்டைகள், லட்சக்கணக்கில் ஜனம். போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ஒரு பேனாவால் முன்கையில் நீங்களே எழுதிவிடலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் காலம். பகல் 12 மணியை ஒட்டிக் கடற்காற்று கரையேறும். ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது பிற்பகல் வரை தள்ளிப்போகும். காலையில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீர் கண்ணாடிபோல் படிந்து அழகாக இருக்கும். அந்த நேரத்தில் காற்றடைத்த ட்யூப், மிதவைப் படுக்கை எதையும் தண்ணீரில் போடக் கூடாது. குழந்தையோடு சேர்த்துக் காற்று அதை நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும். நண்பகல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. செருப்பைக் கரையில் விட்டு ஓடி வந்தவர்கள் திரும்பிப் போகும்போதுதான் அது தெரியும்.

இந்த மாதங்களில்தான் இன்னொரு ஏமாற்று. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, பல நாட்கள் பயணம் செய்து வெயிலடிக்கும் நம் கரைக்கு வந்து சேரும். நீண்ட இடைவெளி விட்டு வரும் அலைகள் இவை. ஐந்து, பத்து நிமிடம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். பிறகு நாலைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இப்படியொரு கடல்தான் கொண்டுபோனது. எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் எனும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இந்த அலை எச்சரிக்கைகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று அதை ஒதுக்குவது பெரிய முட்டாள்தனம்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கத்தி அலை தொடரும். கோவளத்தில் சர்ஃபிங் பழகுகிறவர்களுக்கு நல்ல பருவம். மாலையில் இடிமழை வரும் காலமும் இதுவே. இடிச்சத்தம் காதில் விழுந்தால் தண்ணீரைவிட்டு மட்டுமல்ல, மணலைவிட்டும் போய்விட வேண்டும். திறந்த வெளியில் உயரமாக நிற்பது நீங்கள்தான். விநாயகர் சிலைகள் கரைத்த பிறகு பட்டினப்பாக்கம், நீலாங்கரை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் சில நாட்களுக்கு ஆணி அடித்த கட்டை, கம்பி எல்லாம் அலையில் புரண்டுகொண்டிருக்கும். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் கவனிக்கவும்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை கடலைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. அவ்வளவுதான். வர்தா 2016 டிசம்பர், மாண்டஸ் 2022 டிசம்பர், மிக்ஜாம் 2023 டிசம்பர் என்று புயல்கள் எந்த மாதத்தில் வரிசைகட்டின என்று பாருங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை, திறந்த சில நாட்களிலேயே மாண்டஸில் சேதமானது. அலை அவ்வளவு தூரம் ஏறியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், எத்தனையாம் எண் என்று ஆராய வேண்டியது கப்பல்காரர்கள். நமக்கு ஒன்றாம் எண்ணே போதும், வீட்டில் இருக்க.

நுரை, சொறி, நீல ஒளி

நவம்பரில் முதல் பெருமழைக்குப் பிறகு பட்டினப்பாக்கத்திலும் மெரினாவிலும் வெள்ளை வெளேரென்று நுரை முழங்கால் உயரத்துக்குக் குவியும். 2019-இல் குழந்தைகள் அதில் புரண்டு விளையாடும் படங்கள் உலகெங்கும் போயின. ஆறுகளில் தேங்கிய சாக்கடையும் சோப்புத்தூள் கழிவும் வெள்ளத்தோடு கடலில் இறங்கி, அலையில் கடைபட்டு வருவதுதான் அந்த நுரை. தொட்டால் தோல் அரிப்பும் கண் எரிச்சலும் வரலாம். பெருமழை ஓய்ந்து இரண்டு மூன்று நாட்கள்வரை முகத்துவாரத்தை ஒட்டிய கரைகளில் காலைக்கூட நனைக்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

காற்று கரையை நோக்கிப் பலமாக வீசிய பிறகு சொறி எனும் ஜெல்லி மீன்கள் ஒதுங்கும். ஊதாவும் நீலமுமாகச் சின்ன பலூன்போல் கிடப்பது புளூ பாட்டில். செத்துக் காய்ந்தாலும் அதன் நூல்கள் கொட்டும். மிக்ஜாமுக்குப் பிறகு பெசன்ட் நகரில் ஒதுங்கிய புளூ டிராகன் என்ற கடல் நத்தை விரலளவுதான் இருக்கும், அதுவும் கொட்டும். அழகாக இருக்கிறதென்று கையில் எடுக்காதீர்கள். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் ஒட்டியிருக்கும் கொட்டுசெல்களை மேலும் வெடிக்கவைக்கும். கடல்நீரால் கழுவி, நூல்களைச் சாமணத்தாலோ பிளாஸ்டிக் அட்டை விளிம்பாலோ எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில், வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி குறையும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, முகவீக்கம் என்றால் 108. வலையிலிருந்து தூக்கி எறிந்த கடற்பாம்பு மணலில் செத்ததுபோல் கிடக்கும். குச்சியால்கூடத் தொட வேண்டாம்.

2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் இரவில் அலைகள் நீலமாக மின்னின. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் அலையில் குலுங்கும்போது விடும் ஒளி அது. கரையில் நின்று பார்க்கலாம். ஆனால் இருட்டில், கடல் சீறும் பருவத்தில், ஆயிரம் பேர் இறங்கும் தண்ணீரில் நீங்களும் இறங்க அது காரணமாகாது.

ஆமைக்காலம்

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர், மெரினா மணலில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். 45 நாட்களைத் தாண்டிக் குஞ்சு வெளிவரும். 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது.

இரவில் ஆமையைப் பார்த்தால் டார்ச்சும் செல்பேசி வெளிச்சமும் அணைக்க வேண்டும், பின்னால் தள்ளி நிற்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் கடலின் மேலுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். கரையில் பளிச்சென்று விளக்கு இருந்தால் அவை ரோட்டுப் பக்கம் போய் நாயிடம் சிக்கும். கையில் எடுத்துத் தண்ணீரில் விடுவதும் கூடாது. தாமே தவழ்ந்து போகட்டும். ஆமை, முட்டை, ஓடு எதையும் எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறந்த ஆமைகள் ஒதுங்குவதற்குப் பெரிய காரணம் இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டுவது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

நாய்களை மணலுக்கு இழுப்பது நாம் விட்டுப்போகும் சாப்பாடு. சோளக்கருது மட்கும்தானே என்று வீசுகிறோம். அதை மோப்பம் பிடித்து வந்த நாய் அடுத்து முட்டைக்குழியைத் தோண்டும். பலூன் சுடும் கடையைச் சுற்றி ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள்: சிவப்பும் மஞ்சளுமாக ரப்பர்த் துணுக்குகள் பத்தாவது கிடைக்கும். பெருக்கும் இயந்திரத்தின் சல்லடையில் நிற்காத அளவு. மீனின் வாய்க்குச் சரியான அளவு. கடைக்காரரிடம் கீழே ஒரு தார்ப்பாய் விரிக்கச் சொல்லிப் பாருங்கள், சிலர் கேட்கிறார்கள். மணல் மேட்டில் படர்ந்திருக்கும் ஊதாப்பூ அடப்பங்கொடியையும் முள்ளுருண்டையாகக் காயும் ராவணன் மீசையையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது அவைதான்.

கிளம்புவதற்கு முன்

முந்தின இரவு இன்காய்ஸ் அலை எச்சரிக்கையையும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம் என்றாலும் சென்னையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அலையும் காற்றும் அதைவிட முக்கியம். பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்றுத்துணி, குப்பைக்கு ஒரு மஞ்சப்பை, சாமணம். கரையில் முதல் பத்து நிமிடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலைப் பாருங்கள். படகு இறங்குகிறதா, வலை இழுக்கிறார்களா, எல்லாப் படகும் மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் சின்ன ஃபைபர் படகுகள் போய்வரும். அவையும் மேலே கிடந்தால், கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். "எறங்காத" என்று அவர் சொன்னால் மறுகேள்வி கேட்காமல் பஜ்ஜிக் கடைப் பக்கம் நடையைக் கட்டுங்கள்.